உள்ளே யாரும் இல்லை

அந்தக் கோட்டு எங்கள் கைக்கு முதன்முதலாக வந்தபோது சிரித்தோம். தூத்துக்குடியில், சித்திரை மாத வெயிலில், சூடு தரும் கோட்டு. கம்பெனி முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்துத் தோளையும் கையையும் அளந்தார்கள். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. தொட்டால் மழைக்கோட்டு போலத்தான் இருக்கும். ஆனால் கையை வீசினாலும், முட்டியை மடக்கினாலும், பெட்டியைத் தூக்கக் குனிந்தாலும், துணிக்குள் நெய்திருந்த இழைகள் அந்த அசைவை வாங்கிச் சூடாக மாற்றி நம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இதை விளக்கியவர் கார்வேந்தன். கோயம்புத்தூர்க்காரர். அந்தத் துணியை உருவாக்கியவர்களில் ஒருவர். எங்கள் இறால் கம்பெனியின் குளிரறையில் அதைப் பழக்கிப் பார்ப்பதற்காகவே பொறியாளராக வந்து சேர்ந்திருந்தார்.

“நிக்கும்போது சார்?” என்று கேட்டாள் ஜெசிந்தா. என் மனைவி.

“நிக்கறப்ப எதுக்குச் சூடு அம்மிணி? வேலை செய்யறதுக்குத்தான உள்ள போறீங்க?”

“இல்ல, மூக்கு சொறியணும்னா நின்னுதான சொறியணும். அதுக்குள்ள மூக்கு கையோட வந்துரக் கூடாதுல்லா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல வருடங்கள் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கோட்டு வருவதற்கு முன் குளிரறைக்குள் ஆண்கள் மட்டும்தான் போவோம். விறைத்துப்போனால் கதவின் உள்பக்கம் இருக்கும் தள்ளுப்பிடியை அழுத்திக்கொண்டு வெளியே வந்து, முற்றத்து வெயிலில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு நிற்போம். கோட்டு வந்ததும், இனி வெயில் காய என்ன தேவை என்று அந்தப் பிடியைக் கழற்றிவிட்டார்கள். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களையும் உள்ளே அனுப்பினார்கள். ஜெசிந்தா அப்படித்தான் போனாள். நான் படகுத்துறையில் இறக்கும் வேலைக்கு மாற்றப்பட்டேன்.

முதல் மாதத்திலேயே அவள் சாப்பாடு கூடியது. உடம்பு மெலிந்தது.

“என்னங்க, இந்தக் கோட்டு நம்ம சோத்தத் திங்குது பாத்தியளா?” என்றாள் ஒருநாள், மூன்றாம் முறை சோறு வைத்துக்கொண்டு. “சூடு துணியில இருந்து வரல. எனக்குள்ள இருந்துதான் எடுக்குது. எடுத்து எனக்கே குடுத்துட்டு, நான் குடுத்தேன்னு பேரு வாங்குது.”

“போய்ச் சொல்லேன்.”

“சொன்னா, சோத்துக்கும் ஒரு கோட்டு கண்டுபிடிச்சிருவாவ.”

அந்தக் கோட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. வாசலைக் கடந்து உள்ளே போகும் ஒவ்வொரு கோட்டையும் கதவு கணக்கில் எடுத்துக்கொள்ளும். எந்தக் கோட்டு அசைகிறதோ அது ஆள்; அது உள்ளிருந்து கிட்டே வந்தால் கதவு திறக்கும். அசையாத கோட்டு, கழற்றி எங்கோ மாட்டிய கோட்டு. உள்ளே அசையும் கோட்டே இல்லையென்றால் விளக்கு அணைந்து கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். கணக்கிலிருந்து ஒருமுறை போன கோட்டு, மறுபடியும் வாசல் வழியாக நுழைந்தால்தான் கணக்கில் வரும். அதற்கு முன்னெல்லாம் காவலாளி சூசை அண்ணன் கதவருகில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். பதில் வந்த பிறகே பூட்டுவார். காவல் அறையிலும் குளிரறை முன்னறையிலும் இந்தக் கணக்கைக் காட்டும் திரை வந்ததும் அவர் பெயர் கூப்பிடுவது நின்றது.

மாதா கோயில் திருவிழாவுக்கு முந்திய நாள், மதியத்தோடு கம்பெனி மூடினார்கள். திருவிழா முடிந்து மறுநாள் காலைதான் திறப்பு. நண்பகல் சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். ஜெசிந்தா ஓடவில்லை. நண்பகலானால் இருந்த இடத்தில் நின்று திரிகால செபம் சொல்வது அவள் வழக்கம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். மீன் சந்தையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே நின்று சொல்லியிருக்கிறாள். குளிரறைக்குள் கோயில் மணி கேட்காது. சங்கையே மணியாக வைத்துக்கொண்டாள். கூட வேலை செய்த பெண்ணிடம், “நீ போ, நான் செபம் சொல்லிட்டு வாரேன்” என்றிருக்கிறாள்.

கை கூப்பி, கண்ணை மூடி, அசையாமல் நின்றாள். கோட்டு அவளைக் கழற்றிப் போட்டுவிட்டது.

நான் வீட்டில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தன் தங்கச்சி வீட்டோடு சேர்ந்து நேரே கோயிலுக்குப் போவேன் என்று ஜெசிந்தா காலையில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் கோயிலில் அவள் தங்கச்சியைப் பார்த்தபோது, “அக்கா உங்களோட இல்லையா?” என்று கேட்டாள். கம்பெனிக்கு ஓடினேன். சூசை அண்ணன் திரையைக் காட்டினார்.

“எல்லாம் போயாச்சு மக்கா. பாரு, உள்ளே யாரும் இல்லன்னு போட்டிருக்கு.”

நானும் பார்த்தேன். பச்சை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நாங்கள் இருவரும் நின்ற இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். மறுநாள் முழுக்கச் சப்பரத்துக்குப் பின்னால் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன். போலீசிலும் அதையே சொன்னார்கள். திருவிழாக் கூட்டம், எங்கேயாவது இருப்பா.

கதவைத் திறந்த காலையில் முதலில் உள்ளே போனவன் நான். தரையில் உறைபனி மாவு தூவினதுபோலப் படிந்திருந்தது. அதில் ஒரு தடம். சுவரை ஒட்டி அறை முழுக்கச் சுற்றி, மறுபடி அதன்மேலேயே சுற்றி, வண்டிப்பாதைபோல அழுந்திப் போயிருந்தது. பிறகு அந்த வட்டம் சிறுத்திருந்தது. பிறகு இன்னும் சிறுத்திருந்தது. முன்னறையோடு பேசும் பெட்டி சுவரில் இருந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பனியே இல்லை. முன்னறையில் அப்போது கேட்க யார் இருந்தார்கள்? கதவுக்கு முதுகு கொடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள்.

வெளிக்காற்று உள்ளே வந்தது. போலீஸ் வருவதற்குள் தரை வெறும் தண்ணீர்.

விசாரணை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. கார்வேந்தன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நிதானமாகப் பேசினார்.

“ஆள் இருந்தா கதவு பூட்டாதுங்க. அந்தம்மா பெட்டிக்குப் பின்னால ஒதுங்கிப் படுத்துத் தூங்கியிருக்கணும். எந்திரிச்சு நடமாடியிருந்தா கோட்டே காப்பாத்தியிருக்குமுங்க.”

செபத்தைப் பற்றி கூட வேலை செய்த அந்தப் பெண் சொன்னாள். தடத்தைப் பற்றி நான் சொன்னேன். தண்ணீரில் என்ன தடம் என்று கேட்டார் கம்பெனி வக்கீல். வேலை நேரத்தில் தூங்கிய பெண் குளிரறையில் சாவு என்று பேப்பரில் வந்தது. எங்கள் தெருவில் ஒருத்தி என் காதுபடவே, “பாவம், அசதி போல” என்றாள். அவளும் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

கார்வேந்தனைக் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும், எங்களிடம் இல்லாத கத்தியா? எனக்கு அவர் நடக்க வேண்டும். அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு, நிற்க முடியாமல், நடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தபோது கோட்டும் அதில் இருந்தது. கம்பெனி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. இறந்தவள் பெயரில் இருந்ததால் அந்தக் கோட்டின் எண்ணையே கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். என்மேல் இரக்கப்பட்டு, குளிரறை முன்னறையில் உட்கார்ந்து கோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஜெசிந்தாவின் கோட்டைக் கொண்டுபோய் மற்றக் கோட்டுகளோடு மாட்டினேன். எல்லாம் ஒரே நீலம். காலரில் தேங்காய் எண்ணெய் வாசம் இருந்ததால் எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள். குளிரறையில் பாதிகூடச் சரக்கு இல்லை, ஆளும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கோட்டு வாங்க ஆட்கள் வருகிறார்கள், உள்ளே ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று ஒரு முற்பகலில் கார்வேந்தன் தனியாக வந்தார். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. என்னிடம் கொடுத்தார்.

“நல்லாருக்கியா ததேயு?”

“இருக்கேன் சார்.” கோட்டைப் பிரித்துப் பிடித்தேன். கையை நுழைத்துக்கொண்டார். பித்தானைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். என் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தேன்.

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே விளக்கு அணைந்தது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. முன்னறையில் இருந்த பேச்சுப் பெட்டியில் குரல் வந்தது.

“ததேயு, லைட் போயிருச்சு. என்னன்னு பாரு.”

“பாத்தேன் சார். உள்ளே யாரும் இல்லன்னு காட்டுது. அதான் அணைஞ்சிருச்சு.”

“நான்தான் இருக்கேனே.”

“நீங்க இருக்கேன்னு சொல்லுதிய. திரை இல்லன்னு சொல்லுது. நான் யார நம்ப?”

“விளையாடாத. கதவத் திற.”

“ஆள் இருந்தா கதவு பூட்டாது சார். நீங்கதான சொன்னிய.”

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. டார்ச்சை அதில் வைத்து அடித்தேன். அவர் முகம் அங்கே வந்தது. காலரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு கோட்டு?”

“ஜெசிந்தா கோட்டு.”

கதவை உதைத்தார். கத்தினார். போலீஸ், ஜெயில் என்றார். பிறகு கெட்ட வார்த்தை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நிக்காதிய சார். குளிரும். நடங்க. நடமாடினா கோட்டே காப்பாத்தும்.”

நின்றார். குளிர் ஏறியதும் நடந்தார். அவருக்கு வேறு வழி இல்லை. அப்படித்தானே அதைச் செய்திருந்தார். டார்ச் வெளிச்சத்துக்குள் வந்தார், போனார், வந்தார். முதலில் வேகமாக. அந்தத் துணி வேலை செய்தது. நன்றாகவே வேலை செய்தது. நெற்றியில் வேர்வை மினுங்கியதைப் பார்த்தேன்.

சூசை அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

“யாருல உள்ள?”

“யாரும் இல்ல அண்ணே. திரையப் பாருங்க.”

அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் கண்ணை வைத்தார். அப்படியே நின்றார். பிறகு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு டீ ஊற்றினார்.

“எம்புட்டு நேரமா நடக்கான்?”

“அவ நடந்ததுல ஒரு மூலைகூட ஆகல.”

“நான் ஒண்ணும் பாக்கல மக்கா. ஆனா ஒண்ணு. நீ ஜெயிலுக்குப் போயிட்டா அவ கல்லறையில மெழுகுதிரி ஏத்த யாருல இருக்கா?”

“நீங்க ஏத்துங்க.”

“எனக்கு அங்க போவ முகமில்லல,” என்றார். எழுந்து போகவில்லை.

பெட்டியில் மூச்சு வாங்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கால் இழுபட ஆரம்பித்த பிறகு கார்வேந்தன் பேசினார். அதுவரை என்னை நீ, வா, போ என்றவர்.

“ததேயு, கேளுங்க. எனக்குத் தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“முதல்ல பழக்கிப் பாத்தப்பவே ஒருதடவ ஆச்சுங்க. ஒருத்தர் உள்ள அசையாம நின்னு பெட்டியில இருந்த எழுத்தப் படிச்சுட்டு இருந்தாரு. கணக்குல இருந்து போயிட்டாரு. நாங்க வெளிய இருந்ததால திறந்துட்டோம். பூட்டறதுக்கு முன்னால இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், உள்ள ஒரு பிடி வைக்கலாம்னு முதலாளிகிட்டச் சொன்னேனுங்க. குளிர் வீணாப் போகும்னாரு.”

“விசாரணையில ஏன் சொல்லல?”

நான்கு சுற்று நடந்தார்.

“சொன்னா துணி போயிருமுங்க. பத்து வருஷமுங்க அது. அந்தம்மா எப்படியும் போயிட்டாங்க. துணியாவது இருக்கட்டும்னு...”

“அவ தூங்கினாளா?”

“இல்லீங்க.”

“சத்தமாச் சொல்லுங்க.”

“தூங்கலீங்க!”

நான் இத்தனை நாள் கேட்க நினைத்தது இதைத்தான். கேட்டும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. நடக்கட்டும் என்றிருந்தது. சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

அப்போது கார்வேந்தன் நடப்பதை நிறுத்தினார். கண்ணாடிக்கு நேரே வந்து, பேசாமல், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருந்தார். என் கையில் டார்ச் சாய்ந்ததில் முகம் வெளிச்சத்துக்கு மேலே போய்விட்டது. எனக்குத் தெரிந்தது கோட்டும், கூப்பின கையும் மட்டும்தான்.

கதவைத் திறந்துவிட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டுத் திறக்கவில்லை. அந்தக் கோட்டுக்குள் அவர் அப்படி நிற்பதற்கு அவருக்கு உரிமை இல்லை.

அவர் என்னைத் தாண்டி, முற்றத்து வெயிலில் இறங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசல்வரை நடந்தார். காரை விட்டுவிட்டு, ரோட்டிலும் நடந்துபோனார்.

நான் போலீசுக்குக் காத்திருந்தேன். தினமும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். என் திட்டமே அதுதான். அவர் என்மேல் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால், ஆள் உள்ளே இருந்தும் கதவு பூட்டியது என்று தன் வாயால் எழுதிக்கொடுக்க வேண்டும். அதை எழுதினால் ஜெசிந்தா தூங்கவில்லை. அவர் என்னைச் சிக்கவைக்க வேண்டுமென்றால் தானும் சிக்க வேண்டும். என்னை ஜெயிலில் போட்டு அந்த ஒரு வரியைக் கொடுத்துவிட்டால் போதும்.

யாரும் வரவில்லை. கார்வேந்தன் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். சூசை அண்ணனுக்குக்கூட ஆச்சரியம். நானே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் அவர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். திரையின் பதிவிலும் அன்றைக்கு உள்ளே யாரும் இல்லை. பெண்டாட்டி செத்ததில் புத்தி கலங்கிவிட்டது என்று எழுத்தர் எனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அங்கேயும் கார்வேந்தனே ஜெயித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் துணிக்கடைப் பை.

“ததேயுங்கறது நீங்கதானுங்களா? நான் பூங்கோதை. கார்வேந்தன் வீட்டுலீங்க.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அவருக்கு என்னங்க பண்ணுனீங்க? உக்காரவே மாட்டேங்கறாரு. சோத்துத் தட்டக் கையில வெச்சுட்டு நடக்கறாரு. படுத்தா காலு ஆடிட்டே இருக்குது. டாக்டர் ஊசி போட்டாலும் ஒரு மணி நேரந்தான். கேட்டா ஒண்ணுஞ் சொல்றதில்ல. உங்க பேர மட்டும் ஒருதடவ சொன்னாருங்க.” பையை நீட்டினாள். “இதையும் போட்டுட்டு வந்தாரு. உங்க கம்பெனியோடதுன்னு நெனச்சேன். நல்லாத் துவைச்சு மடிச்சிருக்கேனுங்க.”

வாங்கிப் பிரித்தேன். காலரை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம்.

அன்றுவரை நான் அழுததில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அழுதேன். அழுதுகொண்டே, அது யாருடைய கோட்டு என்று சொன்னேன். அதில் மிச்சம் இருந்தது என்ன என்று சொன்னேன். பனியில் பார்த்த தடத்தைச் சொன்னேன். அவள் புருஷனை நான் உள்ளே வைத்துப் பூட்டியதையும், டீ குடித்ததையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வெகுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பங்க நிப்பாரு அவரு?”

“விசாரணை அதிகாரி முன்னால, என்கிட்டச் சொன்னத அவர் வாயாலச் சொன்னா நிப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாதும்மா. நிக்கலன்னா எனக்கு வருத்தமும் இல்ல.”

“உங்களையும் புடிச்சுட்டுப் போயிருவாங்களேங்க?”

“அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்.”

அவள் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, வந்த வேகத்தில் போனாள்.

விசாரணையை மறுபடி திறந்த அன்று, கார்வேந்தன் மேசைக்கு முன்னால் நடந்துகொண்டே பேசினார். அதிகாரி இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். முதலில் பழக்கியபோது நடந்தது, முதலாளி சொன்னது, பிடியைக் கழற்றியது, தான் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, இவர் என்னைப் பூட்டினார் என்றும் சொன்னார். ஆமாம் என்று எழுந்து நின்றேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இறந்தவர் தூங்கவில்லை என்று அதிகாரி எழுதச் சொன்னதை என் காதால் கேட்டேன். சூசை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் கோட்டுகளை அன்றே எல்லா இடத்திலும் நிறுத்திவைக்க உத்தரவானது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

என்னை வேனுக்குக் கூட்டிப்போக இரண்டு காவலர்கள் வந்தார்கள். தாழ்வாரம் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள்.

அங்கே பெஞ்சில் கார்வேந்தன் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டையும் நீட்டி, பூங்கோதையின் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். நன்றி சொல்வதுபோல.

நான் நின்றுவிட்டேன். காவலர் என்னவென்று கேட்டார்.

“அந்தாள எழுப்புங்க,” என்றேன்.